ஸ்டூலில் உட்காராத டாக்டர்

புனேயில் ஆஸ்பத்திரி வேலைக்காரனை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயாவுக்கு மாவ்ஷி, அதாவது சித்தி. நேற்று படிப்பு முடித்து வந்தவர் முதல் பெரிய டாக்டர் வரை அத்தனை பேரும் எனக்கு மருமகப்பிள்ளைகள். நம் ஊரில் மாமாவுக்குக் கல்யாணப் பந்தலில் முன்வரிசை நாற்காலி. அவர் முகம் கோணினால் மேளம் நிற்கும். இங்கே ஹடப்சரில், எங்கள் ஆஸ்பத்திரியில், மாமாவின் கையில் மூத்திரச் சட்டியைக் கொடுப்பார்கள். கோபம் வந்தாலும் நான் வாய் திறப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட என்னை ஒரு நாள் சாகப் போகிறவனாகப் படுக்க வைத்தார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டரம்மா எங்கள் டாக்டர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். நோய் முற்றுவதற்கு முன்பே, என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று நோயாளியிடமே பேசிக் கேட்டு எழுதி வைப்பது எப்படி என்பது பாடம். பழகிப் பார்க்க ஒரு நோயாளி தேவை. நிஜ நோயாளியிடம் பழக அவர்களுக்குக் கூச்சமாம். மாமாவிடம் என்ன கூச்சம்?

ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண்ணுக்கு நேர் கண்ணாக உட்கார வேண்டும் என்பது முதல் விதி. பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். உங்கள் நோயைப் பற்றி என்ன தெரியும், எதற்குப் பயப்படுகிறீர்கள், மூச்சுக்குக் குழாய் போடலாமா, கடைசி நாட்களில் எங்கே இருக்க ஆசை. இந்த நான்கு கேள்விகள்தான். பதில்களை டாக்டரம்மா எனக்கு இந்தியில் சொல்லிக் கொடுத்திருந்தார். குழாய் வேண்டாம். எங்கே என்றால் 'கர்', வீடு. பதினைந்து வருட வேலையில் டாக்டர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது அன்றுதான். அமேய் என்ற இளம் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது, எனக்கு ஒரு வடாபாவ்.

அடுத்த மாதம் ஆறுமுகம் எங்கள் வார்டுக்கு வந்தார். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து நுரையீரலைத் தொலைத்தவர். எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். உடம்பு துடைத்துவிடும்போது மெதுவாகச் சொன்னார்:

"டாக்டரு என் பையன்கிட்டயே குசுகுசுன்னு பேசிகினு கீறாரு. எனக்குத் தெரியாதா இன்னா? பக்கத்து பெட் ஆளுக்குப் போட்டாங்களே, அந்தக் கொழா எனக்கு வேணாம்ப்பா. ஜல்தி வூட்டுக்குப் போவணும்."

"டாக்டர்கிட்ட சொல்லுங்கண்ணா."

"அவரு கேட்டாத்தானே? நின்னுகினே பார்க்கறாரு, நின்னுகினே போயிடறாரு."

அன்று மாலை அமேய் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டு, மகனைக் கதவுக்கு வெளியே அழைத்தார். அதே நான்கு கேள்விகள், அதே கனிந்த குரல், எல்லாம் மகனிடம். மகன், "சப் குச் கரோ டாக்டர்," எல்லாம் செய்யுங்கள் என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அங்கிள், அப்பாக்கு சொல்லக் கூடாது. அவரு பயம் ஆயிடுவாரு," என்றான். பயந்து நின்றது யார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நம் ஊர் மட்டும் என்ன யோக்கியம்? ஜில்லா ஆஸ்பத்திரியில் என் அப்பா கிடந்தபோது, டாக்டர் என் சித்தப்பாவிடம் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். "வெள்ளிக்கிழமை வூட்டுக்குப் போயிடலாம்ப்பா" என்று ஆரஞ்சு உரித்துக் கொடுத்தவன் நான். அப்பா சுளையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். மெல்லவில்லை. அங்கே சான்றிதழ் இல்லாமல் செய்ததை இங்கே சான்றிதழோடு செய்கிறார்கள்.

அமேய் இன்னும் கதவுக்கு வெளியேதான் நின்றார். வார்டு மூலையில் கிடந்த ஸ்டூலைத் தூக்கிப் போய் ஆறுமுகத்தின் தலைமாட்டில் வைத்தேன். சத்தம் கேட்டு அமேய் உள்ளே வந்தார்.

"க்யா ஹை, மாமா?"

"என்கிட்ட கேட்டீங்க சார். அவர்கிட்டயும் கேளுங்க," என்று எனக்கு வந்த இந்தியில் சொன்னேன்.

"மாமா, வோ ட்ரெய்னிங் தா." அது வெறும் பயிற்சியாம்.

"என் நெஞ்சுல ஒரு கோளாறும் இல்ல சார். அப்பவும் என் பக்கத்துல உட்கார்ந்தீங்களே."

ஆறுமுகம் தலையைத் தூக்கினார். "பைட்டியே டாக்டர் சாப். உட்காருங்க. ஸ்டூல் கடிக்காது."

அமேய் உட்கார்ந்தார். கண் கலங்கவில்லை, கேள்விகளின் வரிசையே மறந்துபோய்த் தடுமாறினார். அவர் கேட்டு முடிப்பதற்குள் ஆறுமுகம் நான்குக்கும் பதில் சொல்லிவிட்டார். மகன் சுவரைப் பார்த்து நின்று அழுதான். மூன்றாம் நாள் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போனான். பதினோரு நாள் இருந்தார் என்று பிறகு வந்து சொன்னான். குழாய் இல்லை.

கைதட்ட யாரும் வரவில்லை. ஆனால் மறு வருடம் வகுப்புக்கு மறுபடியும் என்னையே படுக்க வைத்தார்கள். இன்னொரு பன்னிரண்டு பேர். கடைசி நாட்களில் எங்கே இருக்க ஆசை? 'கர்' என்றேன். கேட்டவர் எழுதிக்கொண்டார். எந்த வீடு என்று கேட்கவில்லை. அது பாடத்தில் இல்லை போலிருக்கிறது. பக்கத்துக் கோந்த்வாவில் நான் இருப்பது வாடகை அறை. அங்கே சாவு விழக் கூடாது என்று சாவி கொடுக்கும்போதே சொன்னவர் வீட்டுக்காரர். ஊரில் என் பங்குக்கு வந்த அறையில் தம்பி உர மூட்டை அடுக்கியிருக்கிறான். எழுதி முடித்தவர் எழுந்து போனார். அடுத்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான்காவது கேள்விக்கு வந்தார். போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு அவருக்கும் 'கர்' என்றேன்.