மாமாவுக்கு ஆகாத மாத்திரை

தேங்காய்த் தொட்டியில் ஊறிக் கிடந்த அந்த ஒரு பிடி அரிசியை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்காவது கண் மஞ்சளித்தால் முதலில் செய்வது இதைத்தான். நோயாளியின் சிறுநீரில் அரிசியைப் போட்டு வைத்து, ஊறிய பிறகு எடுத்துப் பார்ப்பார்கள். அரிசி மஞ்சளாகியிருந்தால் காமாலை. அப்புறம் கீழாநெல்லியும் உப்பில்லாச் சோறும்தான். ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அத்தை வீட்டு வாசலில் நான் குனிந்து பார்த்தபோது அரிசி மஞ்சளாக இல்லை. வரக்காப்பியில் ஊறியது போலக் கருஞ்சிவப்பாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் "காமாலை முத்திப்போச்சு" என்று ஆளுக்கொரு பெருமூச்சு விட்டார்கள். அத்தை மட்டும் தொட்டியைக் கையில் எடுத்து, "முத்துனா மஞ்சளுதானே சாஸ்தியாவோணும்? இது ஏன் செவந்து கெடக்குது?" என்று கேட்டாள். பதில் இல்லாத இடத்தில் எங்கள் அத்தை நிற்க மாட்டாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தார். எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் தேசமெல்லாம் போய் ஆழ்குழாய்க் கிணறு போடத் தொடங்கியிருந்தன. மாமா ஒரிசாக் காட்டுக்குப் போனால் அங்கே மழை பிடிக்கிற வரைக்கும் திரும்பமாட்டார். அந்த வருஷம் திரும்பும்போது காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வந்தார். மலேரியா ஊழியர் வீடு தேடி வந்து விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் போனார். பிறகு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். காய்ச்சலை இறக்க ஒன்று, உடம்பில் ஒளிந்திருக்கும் கிருமி மறுபடியும் தலைதூக்காமலிருக்க இன்னொன்று. இரண்டாவதன் பெயர் பிரைமாகுவின். நல்ல மருந்து, குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமாவோடு வந்த ரிக் ஆட்கள் அதையே விழுங்கிவிட்டு எழுந்து நடமாடினார்கள். மாமாவுக்குத்தான் இடுப்பு வலித்தது, கண் மஞ்சளித்தது, நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது.

நான் அப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கிற வேலையில் இருந்தேன். சர்க்கரை இருக்கிறதா, உப்பு இருக்கிறதா, எந்த வகை ரத்தம் என்பதற்கு மேல் எங்கள் கூடத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. மாமா கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறவரிடம் போகலாம் என்றார். "கீழாநெல்லி எங்கீங்க ஓடிப்போவுது? மொதல்ல அஸ்தம்பட்டி" என்று அத்தை அவரைக் கிளப்பிவிட்டாள். கிளப்பியது மட்டுமல்ல, அந்தத் தேங்காய்த் தொட்டியையும் வாழையிலையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்து இருக்கைக்காரர் அது ஏதோ பலகாரம் என்று நினைத்து சேலம் வரைக்கும் பேச்சுக் கொடுத்தாராம்.

டாக்டரம்மாவின் மேசையில் தொட்டியை வைத்தபோது எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. இலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது காமாலை அரிசி இல்லம்மா. ரத்தம் உள்ளேயே உடைஞ்சு ஒண்ணுக்குல வருது. புதுசா என்ன மாத்திரை சாப்பிட்டாரு?" என்று கேட்டார். மாத்திரையை அன்றோடு நிறுத்தினார். மாமாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள், அப்பாவும் கொடுத்தார். மாமா மெல்லத் தேறினார். ஆனால் ஊரே விழுங்கிய மாத்திரை ஒருவருக்கு மட்டும் ஏன் விஷமாகிறது என்ற கேள்வியை அத்தை விடவில்லை.

டாக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ரத்தச் சிவப்பணுக்களைச் சில மருந்துகளிடமிருந்து காப்பாற்றுகிற ஒரு நொதி உண்டு. அதற்கு ஜி-சிக்ஸ்-பி-டி என்று பெயர். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. சாதாரண நாட்களில் ஒரு தொந்தரவும் இருக்காது, அந்த மருந்து உள்ளே போனால்தான் அணுக்கள் உடையும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருந்தது. ரத்தத்தில் இரண்டு மூன்று ரசாயனங்களைக் கலந்தால் முதலில் பழுப்பாகும். அப்படியே இளஞ்சூட்டில் வைத்தால், நொதி உள்ள ரத்தம் பழையபடி சிவந்துவிடும், இல்லாத ரத்தம் பழுப்பாகவே நிற்கும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதை முதல்முறையாகச் செய்து பார்த்தேன். மாமாவின் குழாய் செக்கச்செவேலென்று சிவந்தது. குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தோம்.

மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரிக் முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். மூட்டை கட்டுகிற நேரத்தில் டாக்டரம்மா எங்களைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் இன்னும் கொஞ்சம் படித்திருந்தார். நொதி குறைந்த பழைய அணுக்களெல்லாம் மாத்திரையில் உடைந்து போய்விட்டன. இப்போது மாமாவின் உடம்பில் ஓடுவது புதிதாகப் பிறந்தவையும் ஊரார் கொடுத்தவையும்தான், அவற்றில் நொதி இருக்கத்தான் செய்யும், மாமாவின் அணுக்களுக்கு வயதாக ஆகத்தான் அது தீர்ந்துபோகும். இந்தச் சோதனையை நம்பக்கூடாது, சில மாதம் போகட்டும், மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அது பிடிபடுவதற்கு முன்பே அத்தைக்குப் பிடிபட்டது. "பதரெல்லாம் காத்துல போயிருச்சு. மொறத்துல நின்ன நெல்லப் பாத்துட்டு வெள்ளாமையே நல்லாருக்குதுன்னு சொன்னாப்பல ஆயிருச்சு, அப்புடித்தானுங்களே?" என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. "ரத்தத்துல ஒண்ணுமில்லீன்னு உம் மருமவனே எழுதிக் குடுத்துட்டான். ஊரே முழுங்குன மாத்திரைக்கு நான் மட்டும் பொம்பளையாட்டம் பயந்துக்கிட்டு ஊட்டுல உக்காரோணுமா?" என்று குதித்தார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. இனிமேல் ஒரிசா முகாமில் காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் வரிசையில் நிற்கவைத்து அந்த மாத்திரையைக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆகாது என்று ஒருவன் விலகி நின்றால் மற்றவர்கள் அவனைக் கோழை என்பார்கள். பாறையைத் துளைக்கிற கூட்டத்தில் அந்தப் பெயரோடு காலம் தள்ள முடியாது. அத்தை குரலை உயர்த்தவில்லை. "மறுக்கா பாக்கற வரைக்கும் நீங்க போவக்கூடாதுங்க. போறதுன்னா என்னத் தாண்டிப் போங்க" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். வாசற்படியில் உட்கார்ந்த பெண்பிள்ளையைத் தாண்டுவதற்கு மாமாவுக்குக் கால் எழவில்லை.

அந்த மாதங்களை மாமா எங்கள் ஊரான இளம்பிள்ளையில், அப்பாவின் பட்டுத்தறிக் கொட்டகையில் கழித்தார். இரும்புக் குழாயைத் தூக்கிப் பழகிய கைக்குப் பட்டு நூல் எப்படி அடங்கும்? அவர் தொட்டாலே இழை அறுந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் சாயத் தண்ணீர் தூக்கவும் தறிக்குப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டும்போது முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் விட்டார்கள். சாயங்காலம் ஆனால் மாமா என்னைப் பார்த்து, "ஏண்டா, என்ற ரத்தம் இன்னும் பழசாவுலியா?" என்று கேட்பார். கேலியாகத்தான் கேட்பார். ஆனால் அவர் இளைத்துக்கொண்டு போனது உடம்பால் அல்ல, மனத்தால் என்று எனக்குத் தெரியும். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தைமேல்கூட எனக்குச் சில நாள் கோபம் வந்தது.

மறுபடியும் சோதித்த அன்று என் ரத்தத்தை ஒரு குழாயிலும் மாமாவின் ரத்தத்தை ஒரு குழாயிலும் வைத்தேன். என்னுடையது சிவந்தது. மாமாவுடையது பழுப்பாகவே நின்றது. அத்தை இரண்டையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "செரி, தெரிஞ்சு போச்சு. தெரியாததுக்குத்தானே பயந்துக்கிட்டுக் கெடந்தோம்" என்றாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். மகனுக்கு வராது, மகள் சுமப்பாள், அவளுக்குப் பிறக்கிற ஆண்பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா விளக்கினார்.

இன்று இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் வந்துவிட்டன. ரத்தத்தில் ஓர் அடையாளத்தைத் தேடி, ஆளுக்கேற்ற மருந்து என்கிறார்கள். கூட்டங்களில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அத்தையின் பேத்தி மகன் பிறந்தபோது குதிகாலில் ஒரு சொட்டு எடுத்தே சொல்லிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் அடையாளத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அந்தச் செய்தி, மருந்தைக் கையில் வைத்திருக்கிறவருக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டுமே, அதுதான் மீதி. அந்த மீதியை யார் செய்வது என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தை அதைத் தன் வேலை என்று எடுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரிக்குல சட்டையே ஒடம்புல தங்கறதில்லீங்க. சேத்துத் தண்ணியில இந்தச் சீட்டு எங்க தங்கும்?" என்றாள். பிறகு மாமாவின் முழங்கையைப் பார்த்தாள். அங்கே இளவட்டத்தில் குத்திக்கொண்ட தேள் ஒன்று பச்சையாக இருந்தது. சந்தை நாளில் பச்சை குத்தும் அம்மாளைக் கூப்பிட்டாள். டாக்டரம்மாவின் சீட்டைப் பார்த்து நான் மாமாவின் கையில் ஆங்கில எழுத்துகளை மையால் பெரிதாக வரைந்தேன். மருந்தின் பெயர், அதற்கு முன்னால் வேண்டாம் என்று ஒரு சொல். "தேளுக்குக் கீழ இங்கிலீசா? பசங்க சிரிப்பானுங்க" என்று மாமா கையை இழுத்தார். "சிரிக்கட்டும். அதப் பாக்கறதுக்கு நீங்க உசுரோட இருக்கோணுமல்லங்க" என்று அத்தை கையைப் பிடித்துத் திரும்ப நீட்டவைத்தாள். அதன்பிறகுதான் அவரை ரிக் ஏறவிட்டாள். ரிக்கின் சமையல்காரர் ராசிபுரத்துக்காரர். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருக்கு ஒண்ணுன்னா நீங்க வாய்ப்பேச்சே பேச வேண்டாஞ் சாமி. கையத் திருப்பிக் காட்டுங்க, போதும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மறுபடியும் ஒரிசா, மறுபடியும் காய்ச்சல். இந்த முறை மூளைக்கு ஏறிவிட்டது. மாமா நினைவு தப்பிக் கிடந்தார். தந்தி வந்தபோது அதில் காய்ச்சல், ஆஸ்பத்திரி என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், சோறாக்கினாள், எங்களையும் சாப்பிடச் சொன்னாள். அவள் மட்டும் சாப்பிடவில்லை. அங்கே நடந்ததைச் சமையல்காரர் பிறகு சொன்னார். அவருக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது, டாக்டருக்குத் தமிழ் தெரியாது. டாக்டர் வந்தாலும் சரி, நர்ஸ் வந்தாலும் சரி, தரை கூட்டுகிறவர் வந்தாலும் சரி, மாமாவின் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறார். டாக்டர் ஒருமுறை எரிந்து விழுந்தாராம். அடுத்த முறை குனிந்து படித்தார். இன்னொரு தரம் படித்தார். மாமா கண் விழித்ததும் கொடுக்கத் தட்டில் எடுத்து வைத்திருந்த மாத்திரைகளில் ஒன்றைத் தனியாகப் பொறுக்கி அப்பால் வைத்தார்.

மாமாவைச் சேலத்தில் ரயிலிலிருந்து இறக்கி நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பாதி ஆளாக இருந்தார். அத்தை வாசலுக்கு வந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. "கைய நீட்டுங்க" என்றாள். கையைப் பிடித்துக்கொள்ளத்தான் கேட்கிறாள் என்று மாமா நினைத்தார் போலிருக்கிறது, என்னைப் பார்த்து லேசாகக் கூச்சப்பட்டு நீட்டினார். அத்தை அதை வெயில் பக்கம் திருப்பி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

"கடைசியில ஒண்ணு மங்கிருச்சுங்க. சந்தைக்கு அந்தம்மா வருவாங்க, மறுக்கா குத்தோணும்" என்றாள். சொல்லிவிட்டும் கையை விடவில்லை.

மாமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "குத்தச் சொல்லு. இந்தத் தடவ இன்னுங் கொஞ்சம் பெருசாவே குத்தச் சொல்லு" என்றார்.