ஏலக்காரி சுகிர்தமும் பத்து ரூபாய்ப் பொத்தானும்

தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுகிர்தத்துக்கு ஒரு பெருமை உண்டு. அதை அவள் மறைப்பதும் இல்லை. சர்ச்சில் அறுப்பின் பண்டிகையன்று, சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைச்சலை ஆலய வளாகத்தில் ஏலம் விடுவது அவள்தான். "என்னைய விட்டா யாரு இருக்கா?" என்பாள். உண்மைதான். மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த ஒரு பூசணிக்காயை ஆட்டுக்குட்டி விலைக்கு ஏற்றிவிட்டவள் அவள். வாங்கியவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தபடியே வீட்டுக்குப் போனார்.

அவள் கைவரிசை முழுதும் தெரிவது அமெரிக்கன் ஏலத்தில். சாதாரண ஏலத்தில் ஜெயித்தவர் மட்டும் காசு கொடுப்பார். இதில் விலையை ஏற்றும் ஒவ்வொருவரும் ஏற்றிய தொகையை அப்போதே தட்டில் போட்டுவிட வேண்டும். போட்டது திரும்பாது. மணி அடிக்கும்போது கடைசியாகப் போட்டவர் யாரோ, அவருக்குத்தான் பொருள். அந்த மணியை சுகிர்தம் அடிக்கப் போகிறவள்போல ஓங்குவாள். ஒரு கை உயர்ந்தால் இறக்கிவிடுவாள். எந்த மனுஷனை எப்போது ஏறிட்டுப் பார்த்தால் கை தன்னால் மேலே போகும் என்பது அவளுக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்காரர் எபனேசர், கல்லாவில் உட்கார்ந்துகொண்டே ஓர் ஏலத்தில் போய் மாட்டிக்கொண்டார். மகள் ஜெனிபர் அடுத்த வாரம் மதுரையில் கல்லூரியில் சேருகிறாள். கம்ப்யூட்டர் படிப்பு. லேப்டாப்புக்கென்று நாற்பதாயிரம் ஒதுக்கி, வாங்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தாள் சுகிர்தம். அங்கேதான் தப்பு.

கடையில் ஆள் இல்லாத மத்தியானம். மனுஷன் கட்டைவிரல் போனில் குத்திக்கொண்டே இருந்தது.

"என்னங்க, யாருக்கு இம்புட்டு அவசரமா தந்தி அடிக்கிறீக?"

"ஜெனிபருக்கு லேப்டாப்! கடையில முப்பத்தஞ்சாயிரம். இங்கன அறுநூத்திப் பத்து ரூபாய்லதான் நிக்குது. இன்னும் பத்தே செகண்டு, நம்மளுக்குத்தான்."

சுகிர்தம் எட்டிப் பார்த்தாள். திரையில் விநாடிக் கடிகாரம் பத்திலிருந்து இறங்கி இரண்டுக்கு வந்தது. யாரோ அமுக்கினார்கள், மறுபடி பத்து. எபனேசர் அமுக்கினார், மறுபடி பத்து.

"ஒரு தடவை அமுக்குனா எம்புட்டு?"

"பத்து ரூபாய். ஆனா விலை பத்துப் பைசாதான் ஏறும்." நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னார்.

"இதுவரைக்கும் எம்புட்டுப் போச்சு?"

எபனேசர் கரண்டி மாட்டியிருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டு, "பன்னெண்டாயிரம் இருக்கும்" என்றார்.

அவள் கத்தினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். கத்தவில்லை. திரையில் நடப்பது அவளுடைய சொந்த வித்தை. கோபத்தைவிட அதுதான் அவளை உலுக்கியது.

"இது நம்ம அமெரிக்கன் ஏலம்தாங்க. பத்துப் பத்துப் பைசாவா அறுநூறு ரூபாய் ஏறணும்னா ஆறாயிரம் தடவை அமுக்கியிருக்காக. இதை நடத்துறவன் அறுபதாயிரத்துக்கு மேல வசூல் பண்ணிட்டான். நம்ம தட்டுல விழுந்தது கோயில் கூரைக்குப் போகும். இது யாரு வீட்டுக் கூரைக்குப் போகுது? மணி யாரு கையில இருக்கு? எதுக்க நின்னு கேக்குறது மனுஷந்தானா, மெஷினா? மூஞ்சியப் பாத்தீகளா? அடியில பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கானே, வாசிச்சீகளா?"

வாசிக்கவில்லை. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். தோற்றவர்களுக்குக் காசு திரும்பாதாம். ஜெயித்தாலும் ஏலத்தொகை வேறு, அனுப்பும் செலவு வேறாம்.

"அதுக்காக இப்ப விட்டா, போட்டதெல்லாம் வீணாப் போயிருமே, சுகிர்தம்."

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம் ஏலம் விட்டாள். தயங்கி நிற்பவரிடம், "இம்புட்டுப் போட்டுட்டு விடப் போறீகளா, அண்ணாச்சி?" என்று அவளே கேட்டிருக்கிறாள். அது தன் புருஷன் வாயிலிருந்து வந்தபோது வலித்தது.

"போனது போனதுதாங்க. மிச்சத்துக்காவது நம்ம பிள்ளைக்கு வாங்கணும்."

அந்த நேரம் பார்த்து, அமுக்குவதற்கென்று எபனேசர் முன்பணம் கட்டி வாங்கி வைத்திருந்த வாய்ப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னும் வாய்ப்பு வேண்டுமா, ஒரே அமுக்கில் வாங்கலாம் என்று திரை கூப்பிட்டது. கடிகாரம் ஒன்பது, எட்டு என்று இறங்கியது. எபனேசர் அவளைப் பார்த்தார்.

சுகிர்தம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் பார்த்தால் ஆண்பிள்ளைகளின் கை எங்கே போகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? போனைப் பிடுங்கிவிடலாம்தான். பிடுங்கினால் நாளைக்கு அவளுக்குத் தெரியாமல் ஆடுவார். அவராகவே விடவேண்டும். தூக்குவாளிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அந்த ஆப்பையே போன்ல இருந்து அழிச்சுட்டேன். கெளம்பு, கடையைச் சாத்து" என்றார். பிறகு விறைப்பாக, "ஏலக்காரி வீட்டுக்காரன் இன்னொருத்தன் ஏலத்துல போய் நிக்குறதா?" ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இரண்டு தெரு தள்ளி அழகுமலையின் கம்ப்யூட்டர் கடை. மிச்சப் பணத்துக்குள் அடங்குவதாக ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தான். அவள் பேரத்துக்குப் பயப்படாத வியாபாரி கடைவீதியில் கிடையாது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அக்கா, இருபத்தேழாயிரத்து ஐநூறு. ஒரே விலை. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்" என்றான்.

"இன்னொரு தடவை சொல்லுப்பா."

"ஒரே விலைதான்க்கா."

சுகிர்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக அந்த வார்த்தை அவள் காதுக்கு இனித்தது. எபனேசரைத் திரும்பிப் பார்த்து, "குடுங்க" என்றாள்.