சட்டிக்குள் போன பேத்தை

அந்தச் சனிக்கிழமை மதியம் அலுவலகத்தில் ஒன்று ஐந்துக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். ஒன்று இருபதுக்குக் கேரியரை மூடினேன். ஒன்று இருபத்தைந்துக்கு வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"சாப்பிட்டாச்சா?"

ஆச்சு என்றேன்.

"பாப்பா குழம்புச் சட்டிக்குள்ள பேத்தையப் போட்டிருக்கா."

பேத்தை, பயந்தால் பந்துபோல் உப்பும் மீன். எங்கள் கடற்கரையில் யாரும் அதைத் தின்பதில்லை. வலையில் வந்தால் மணலில் வீசிவிடுவார்கள். அதன் விஷம் முதலில் உதட்டை மரக்கச் செய்யும், அடுத்து நாக்கை, அடுத்து விரல்நுனிகளை. கடைசியில் மூச்சு நின்றுவிடும்.

"அவ சாப்பிட்டாளா?"

இல்லை, இரண்டு பேருமே இன்னும் சாப்பிடவில்லை என்றாள். சட்டியைத் துழாவிப் பார்த்துவிட்டாளாம், பேத்தையைக் காணவில்லை. போட்டேன் என்று மட்டும் சொன்ன மகள், மேற்கொண்டு கேட்டால் அழுகிறாளே தவிர வாய் திறக்கவில்லை.

ஏழு வயது மகள் இரண்டு வாரமாக ஒரே கார்ட்டூன் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலில் சமையல்காரனாக வேண்டும் என்று ஆசைப்படும் ஓர் உருண்டை மீனின் கதை. திட்டு வாங்கினால் உப்பிக்கொள்ளும். கொதிக்கும் சட்டிக்குள் குதித்து நீந்தி, தலையை நீட்டி உப்பு போதாது என்று சொல்லும். நாங்கள் மூவரும் சேர்ந்துதான் சிரித்தோம்.

அன்று காலை ஆறு மணிக்குச் சாளை மீன் வாங்க மீன்பிடித் துறைமுகத்துக்கு அவளையும் கூட்டிப் போயிருந்தேன். மணலில் கட்டைவிரல் அளவில் ஒரு பேத்தை செத்துக் கிடந்தது. "பாருளா, ஒன் சமையல்காரன்" என்று காட்டியவன் நான். விஷம் என்பதைச் சொல்லவில்லை. நான் சாளை பொறுக்கிய நேரத்தில் அவள் அதைக் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டதையும் பார்க்கவில்லை.

கேரியரைத் திறந்து முட்களை எண்ணினேன். நான்கு சாளை, நான்கு நடுமுள். பேத்தை என் பங்கில் வரவில்லை. ஆனால் கொதியில் அதன் வயிறு கிழிந்திருந்தால் குழம்பு முழுவதும் விஷம்தான். உதட்டைத் தடவிப் பார்த்தேன். எரிந்தது. மிளகாய்க் காரமா, வேறா என்று சொல்ல முடியவில்லை.

பக்கத்து மேசைக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கூடவே ஏறினார். நான் ஒரு மணிக்குச் சாப்பிட்டதாக அவர் யாருக்கோ போனில் சொன்னபோது, ஒன்று ஐந்து என்று திருத்தினேன்.

"நாக்கு மரத்தா பேச்சு கொளறும் அண்ணாச்சி. நீங்க கணக்கா நேரம் சொல்லுதீய. ஒண்ணும் ஆகாது."

சொன்னாரே தவிர, டிரைவரிடம் இன்னும் வேகமாகப் போகச் சொன்னார்.

இதற்கு முறிவு மருந்து கிடையாது, மூச்சைக் கவனித்தபடி காத்திருப்பதுதான் வழி என்றார் டாக்டர். விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள். மற்ற கையில் கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியாக அழுத்திப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். சுண்டுவிரலில் உணர்வு குறைந்ததுபோல் ஒருமுறை தோன்றியது. நர்ஸைக் கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிட்டால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

நான்கு பத்துக்கு மனைவியின் போன் வந்தது. மகள் வாய் திறந்துவிட்டாள். அம்மா தேங்காய் அரைக்கத் திரும்பிய நேரத்தில் போட்டதை, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அவளே எடுத்துவிட்டாளாம். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ஏம்ளா எடுத்த?"

"படத்துல சுடாதுப்பா. நெசத்துல சுடும்லா."

பேத்தை குளியலறையில் ஒரு சோப்பு டப்பாவுக்குள் இருந்தது. தோல் எங்கும் கிழியவில்லை என்று மனைவி இரண்டு முறை சொன்னாள். அப்படியும் டாக்டர் ஏழரை வரை என்னை விடவில்லை. எனக்கும் அதற்கு முன் எழுந்து போகும் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி குழம்பைச் சட்டியோடு கொல்லையில் புதைத்திருந்தாள். அந்தச் சாளையைப் பூனைக்குக்கூட வைக்கவில்லை. மூவருக்கும் தயிர்ச்சோறு போட்டாள். மகள் தட்டைத் தொடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கவளம் விழுங்கினேன். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். இரண்டாவது கவளமும் இறங்கிய பிறகுதான் தன் தட்டில் கை வைத்தாள்.