கல்யாண செட் அச்சில் அமெரிக்கா

"கோட்டு போட்டா எல்லாரும் ஒரே ஆளாத்தான்பா இருக்கிறாங்க. நான் எப்படிப் பிரிச்சுக் காட்றது?"

ஆவணி மாதம் முழுக்க தில்லையம்மாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பால்காரரிடம் சொன்னாள். கோயில் வாசலில் செருப்புக் காவல் பார்ப்பவளிடம் சொன்னாள். மாவு அரைக்கும் கடைக்காரி தெரியாத்தனமாக "யாருக்கா கோட்டு?" என்று கேட்டு, மாவு புளிக்கும்வரை நின்றாள்.

பக்கத்து வீடுகளில் தறி ஓடும். தில்லையம்மாள் வீட்டில் காகிதக் கூழ். கணவன் கைலாசம் அச்சில் அழுத்தி எடுப்பான். அவள் காயவைத்து, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, கடைசியாகக் கண் எழுதுவாள். கொலுவுக்கு என்று அவள் கொடுத்த பொம்மை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சமென்ன, நிறையவே.

அந்தக் கர்வத்துக்குத்தான் அகிலா உலை வைத்தாள். வாலாஜாபாத் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துபவள். கல்லூரிக் கொலுவில் ஒரு படி முழுக்க, அமெரிக்க வெளியுறவுக் கொள்கையை வடிவமைத்தவர்கள் வேண்டுமாம். பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்களாம், பொம்மையாவது பார்க்கட்டுமாம். ஆறு பேருடைய படம் வாட்ஸ்அப்பில் வந்தது. வந்திருந்த தசாவதார ஆர்டரைத் தள்ளிவிட்டு தில்லையம்மாள் இதை ஒப்புக்கொண்டாள்.

புதிதாக அச்சு எடுக்க நேரமில்லை. கைலாசம் பரணில் ஏறி, கோட்டு உள்ள அச்சு எது என்று தேடினான். கல்யாண செட்டில் பேண்டு வாத்தியக்காரர் கோட்டு போட்டிருந்தார். ஆண்கள் மூவரும் அதில் வந்துவிட்டார்கள். பெண்கள் மூவரும் சீர்த்தட்டு ஏந்திய சம்பந்தியம்மா அச்சில்.

புரட்டாசி பிறந்ததும் அகிலா பார்க்க வந்தாள். பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ஏன் எல்லா ஆம்பளைக்கும் கன்னம் உப்பிக்கினு இருக்குது?"

"கிளாரினெட்டு வாசிக்கிற ஆளு அச்சும்மா அது. வாசிச்சா உப்பத்தானே செய்யும்?"

"இவங்க வாசிக்கலக்கா! நாடு நாடா போய்ப் பேசினாங்க. இதுல யாரு பிராங்க்ளின், யாரு கிஸ்ஸிங்கர்?"

"அத்தத்தானே ஒரு மாசமா நான் கேட்டுக்கினு கெடக்கிறேன்!"

"என்னால இத எடுத்துக்க முடியாதுக்கா."

தில்லையம்மாள் ஆறு பொம்மைகளையும் ஒரு பார்வை பார்த்தாள். பெருமாள் பொம்மை திரும்பி வந்தாலும் வேறு வீட்டுக் கொலுப்படி ஏறிவிடும். இந்த ஆறு பேரை எந்த மாமி வாங்குவாள்? தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி கூழாக்க வேண்டியதுதான். அதைவிட மோசம், பொம்மை திரும்பி வந்தது என்ற பேச்சு.

"இரும்மா. முருகன முகத்தப் பாத்தா கண்டுபுடிக்கிறோம்? வேலப் பாத்துதானே? சரஸ்வதின்னா வீணை. இவங்க கையில என்னன்னு ஒரு தடவையாவது சொன்னியா நீ?"

"கையில என்னக்கா, ஃபைல்தான் இருக்கும்."

"ஆறு பேருக்கும் ஃபைலா? வெளங்கிடும்! படத்துல இருக்கிற இந்தக் கண்ணாடிக்காரர் இன்னா பண்ணாரு, சொல்லு."

"கிஸ்ஸிங்கர். பாகிஸ்தான்ல வயித்து வலின்னு சொல்லிட்டு, யாருக்கும் தெரியாம சைனாவுக்குப் பறந்து போனார்."

"அடப்பாவி, இத மொதல்லயே சொல்றதில்ல? ஒரு கை வயித்துல, ஒரு கையில ஏரோப்ளேன். அடுத்தது?"

அகிலா தலையில் கைவைத்தபடி சொன்னாள். பிராங்க்ளின், விலங்கு ரோமக் குல்லாய் போட்டுக்கொண்டு, அமெரிக்க விடுதலைப் போருக்குப் பாரிஸில் உதவி கேட்டவர். மார்ஷல், போரில் நொறுங்கிய ஐரோப்பாவை எழுப்பப் பணம் தரச் சொன்னவர். அவருக்கு ஒரு செங்கல். எலினோர் ரூஸ்வெல்ட், மனித உரிமைப் பிரகடனம்; சீர்த்தட்டில் பெரிய காகிதத்தை விரித்தாகிவிட்டது. ஆல்பிரைட், சொல்ல வேண்டியதை உடையில் குத்தும் புரோச் என்ற அலங்கார ஊசியாலேயே சொன்னவர். தில்லையம்மாள் கை தன்னால் நெற்றிக்குப் போய் ஒட்டியிருந்த பொட்டைச் சுரண்டி எடுத்து, அந்தப் பொம்மையின் தோளருகே வைத்தது.

"கடைசியா ரைஸ்னு ஒருத்தங்க, வெளியுறவு மந்திரியா இருந்தவங்க. பியானோ வாசிப்பாங்கக்கா."

"பியானோவக் கையிலயா குடுக்கிறது?"

"பக்கத்துல நிறுத்து," என்றான் கைலாசம், அச்சைத் துடைத்துக்கொண்டே. "புள்ளையாருக்கு எலி மாதிரி."

"நீ பேசாத! பேண்டுக்காரன வச்சி என் மானத்த வாங்கினதே நீதான்."

வகுப்பில் அந்தக் கதைகளைச் சொல்லிவிட்டு, நாலு நாள் கழித்து அகிலா மறுபடி வந்தாள். முகத்தில் நம்பிக்கையில்லை. பொம்மைகளைப் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: 'யார் யார்?' பிள்ளைகள் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லியும்விட்டாள். தில்லையம்மாள் கழுவின தூரிகையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

போன் சிணுங்கியது. "வயித்தப் புடிச்சிக்கினு ஏரோப்ளேன் வச்சிருக்கிறது கிஸ்ஸிங்கர் மேம்!" என்று ஒரு பையனின் குரல் பதிவு. "புரோச் மேடம் ஆல்பிரைட்!" பிறகு மளமளவென்று வந்தது. மார்ஷலை மட்டும் ஒருவன் மேஸ்திரி என்றான்; அவனை மற்றவர்களே திட்டித் தீர்த்தார்கள்.

அகிலா வைக்கோல் போட்டு ஆறு பேரையும் பெட்டியில் அடுக்கினாள். மூடும்போது மறுபடி நின்றாள்.

"எல்லாம் சரிக்கா. ஆனா இந்தக் கன்னம்... பிரின்சிபால் கேட்டா நான் இன்னா சொல்றது?"

தில்லையம்மாள் பெட்டியைப் பிடுங்கித் தானே மூடினாள்.

"ஊர் ஊராப் போய் உலகத்துக்கே யோசனை சொன்னவங்கன்னு நீதானேம்மா சொன்னே? சொல்லாம வாயில அடக்கி வச்சது எவ்ளோ இருந்துதோ, அதான் கன்னத்துல நிக்குதுன்னு சொல்லு. போ, மழை வருது, நனைஞ்சா அமெரிக்கா பூரா கூழாயிடும்!"