ஆம்பிளைக்கு வராது என்று நினைத்த வருத்தம்

என் அண்ணன் சவிரியானை எங்கள் ஊரான அரிப்பில் அடக்கம் செய்த நாளில், அவர் எதனால் இறந்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நெஞ்சில் ஆறாத புண் ஒன்று இருந்தது. படகு இயந்திரம் அடித்த காயம் என்று சொல்லியிருந்தார். கடைசி மாதங்களில் முதுகு நொந்தது, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, வீட்டிலேயே உயிரை விட்டார்.

வீட்டில் எனக்கு மட்டும் ஒன்று தெரிந்திருந்தது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், கரைவலை இழுத்துக்கொண்டு நின்றபோது, அவருடைய இடது முலைக்காம்பு உள்ளே இழுபட்டுக் கிடந்ததைக் கண்டேன்.

"என்ன அண்ணை, பிள்ளைக்குப் பால் குடுக்கப் போறியளோ?" என்று கேட்டேன்.

கயிற்றில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து சேட்டுப் போட்டுக்கொண்டுதான் வலை இழுக்க வந்தார். அதையும் நான் பகிடியாகவே எடுத்தேன்.

அண்ணனின் ஆண்டுத் திவசப் பூசை முடிந்து சில கிழமைகள் இருக்கும். கிணற்றடியில் சவர்க்காரம் போடும்போது என் இடது மார்பில் பாக்குப் போல ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலியில்லாதது என்ன வருத்தம் என்று விட்டுவிட்டேன். நாள் போகப்போகக் காம்பு உள்ளே இழுபட்டது. ஒரு நாள் அதிலிருந்து இரத்தம் கசிந்தது. அண்ணனின் நெஞ்சு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நானும் சேட்டுக்குள் ஒளிந்துகொண்டேன்.

ஒவ்வொரு நாளும் கோவிலுக்குப் போய் மாதாவின் சுரூபத்துக்கு முன் முழந்தாளிட்டேன். சுகம் தா என்று நான் கேட்கவில்லை. "தாயே, ஒருவருக்கும் தெரியவரக்கூடாது" என்றுதான் கேட்டேன். பெண்களுக்கு வரும் வருத்தம் எனக்கு வந்துவிட்டது என்று ஊர் சிரிப்பதைவிடச் சாவது மேல் என்று இருந்தது.

அதே நாட்களில் என் மனைவி பிலோமினாவும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த மனுசன் எதை ஒளிக்குதெண்டு எனக்குக் காட்டு தாயே" என்பது அவளுடைய மன்றாட்டு. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு காலை, தோய்க்க எடுத்த சேட்டுகளுடன் முன்னால் வந்து நின்றாள்.

"மூண்டு சேட்டிலயும் ஒரே இடத்தில இரத்தக் கறை. என்னப்பா இது?"

"மீன் இரத்தம்."

"கழட்டுங்கோ, பாப்பம்."

"வாயைப் பொத்து! ஆம்பிளைக்கு உந்த வருத்தம் வாறேல்லை."

அவள் வாயைப் பொத்தவில்லை. ஊர் மிட்வைஃபாக இருந்த இளம்பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளையை நான் ஏசினேன். அவள் நகரவில்லை.

"ஐயா, ஆயிரத்தில ஒருத்தருக்கெண்டாலும் ஆம்பிளையளுக்கும் மார்புப் புற்றுநோய் வரும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்றாள்.

பிலோமினா என்னை இழுத்துக்கொண்டு போனாள். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் மார்புக் கிளினிக்கில் உட்காரும் வாங்கு முழுவதும் பெண்கள். இலக்கம் கூப்பிட்டவர் பிலோமினாவைப் பார்த்து, "அம்மா, நீங்கள் உள்ள வாங்கோ" என்றார். "நான்தான் நோயாளி" என்று எழும்பினேன். ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

மார்பை வெட்டி எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, நகம் கறுத்தது. ஆனால் பிழைத்தேன். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று டொக்டர் கேட்டபோது அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அவருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். காம்பு இழுபட்ட நேரமே வந்திருந்தா ஏதும் செய்திருக்கலாம்" என்றார். எங்கள் இரண்டு வீட்டுப் பெண்பிள்ளைகளையும் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொன்னார்.

அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கரையில் நான் விட்ட பகிடியையும் சொன்னேன்.

"உமக்கு இரங்கின மாதா என்ர மனுசனுக்கு ஏன் இரங்கேல்லை?" என்று கேட்டார்.

"மாதாவில பிழையில்லை அண்ணி. நான்தான் அவற்ர வாயை அடைச்சனான்."

அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. ஆனால் அடுத்த கிளினிக் நாளன்று விடியவே தன் மகள் ஜெசிந்தாவைப் பிலோமினாவுடனும் எங்கள் பெண்பிள்ளைகளுடனும் பஸ் ஏற்றிவிட்டார். பிள்ளைகள் ஒருவருக்கும் இப்போது ஒன்றுமில்லை, வருடா வருடம் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செய்தி கேட்ட அன்று நான் கோவிலில் முழந்தாளிட்டு அழுதேன். நன்றி சொல்லவும் வாய் வந்தது, மன்னிப்புக் கேட்கவும் வந்தது.

இந்தக் கோவிலில் கூடியிருக்கும் சகோதரரே, நான் கேட்டதை மாதா தரவில்லை. என் மனைவி கேட்டதைக் கொடுத்தார். அதனால்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். மார்பில் கட்டி, இழுபட்ட காம்பு, இரத்தக் கசிவு, கைக்கடியில் கமக்கட்டில் வீக்கம், இதில் எது தெரிந்தாலும் வலி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாதாவிடம் சொல்லுங்கள், வீட்டில் சொல்லுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கள். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நான் உங்களோடு வருகிறேன்.