படகில் ஏறி உட்கார்ந்த அஞ்சம்மாள்

சென்ற செவ்வாய்க்கிழமை காரைக்கால் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது அஞ்சம்மாளின் மகள் அழைத்தாள். “சித்தி, அம்மா போயிட்டாங்க.” நான் ஊருக்கு வந்து சேர்வதற்குள் மீன் ஏலக்கூடத்தின் முன் பதாகை கட்டிவிட்டார்கள். ‘எங்கள் ஊரின் வழிகாட்டியே’ என்று அதில் இருந்தது. அந்த ஏலக்கூடத்தில் அவர் கால் வைக்கக் கூடாது என்று சொன்னவர்களும் நாங்கள்தான். அவரை அறிந்த உங்களுக்கு இது மறந்திருக்காது.

அவர் கூடையில் மீன் விற்றவர். புயல் எச்சரிக்கை வந்திருந்த ஒரு நாளில் கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. அந்த எச்சரிக்கை ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. அதைத் தாண்டித்தான் அன்று அஞ்சம்மாள் நடந்து போயிருக்கிறார், படிக்கத் தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படிக்க என்னிடம் வந்தார். “அ, ஆவெல்லாம் வேணாம் தனம். காத்து, மழை, எச்சரிக்கை, இதுலேர்ந்து ஆரம்பி” என்றார். ஒரே வருடத்தில் கைப்பேசியில் காற்றின் வேகம் பார்த்துச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு அவர் தலைவி ஆனார், நான் செயலாளர்.

ஒரு கார்த்திகையில் எச்சரிக்கை வந்தது. பல நாளாக வலையில் ஒன்றும் விழாததால் ஆண்கள் போயே தீருவது என்று நின்றார்கள். “கடலு முன்ன மாரி இல்லண்ணே. ஒங்க அப்பாரு கணக்கு இனிமே செல்லாது. ஒரு நாளு மீனு போனாப் போவட்டும், நாளைக்கு நாம இருக்கணும்ல?” என்று கெஞ்சிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கடலில் தள்ள விடாமல் முதல் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் பின்னால் சங்கத்துப் பெண்கள் நாங்கள் அத்தனை பேரும் ஏறினோம். மாலையில் அடித்த காற்றில் ஓடுகள் பறந்தன. ஊரில் ஓர் உயிரும் போகவில்லை. நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறு வருடம் எச்சரிக்கை வந்தபோதும் படகுகளில் உட்கார்ந்தோம். அந்தப் புயல் திசை மாறிப் போய்விட்டது. பக்கத்து ஊர்ப் படகுகள் வஞ்சிரமாக அள்ளி வந்தன. ஊர்க்கூட்டத்தில் அஞ்சம்மாளைத் தனியாக நிற்க வைத்தார்கள். “தப்புன்னு சொல்லிடு, விட்டுடுறோம்” என்றார் ஊர்த் தலைவர். “நாளைக்கு எச்சரிக்கை வந்தாலும் இதத்தாங்க செய்வேன்” என்றார் அவர். இனி அவர் ஏலக்கூடத்தில் கால் வைக்கக் கூடாது, அவருக்கு யாரும் மீன் கொடுக்கக் கூடாது என்று முடிவானது. சங்கமும் சம்மதிப்பதாக ஒரு தாளை என்னிடம் நீட்டினார்கள். என் கணவரும் படகுக்காரர். கையெழுத்துப் போட்டேன்.

அஞ்சம்மாள் பொய்த் தகவல் பரப்பினார் என்று அதில் எழுதியிருந்தது எனக்குத் தெரியாது. சுவரில் ஒட்டிய பிறகு அவர் அதை எழுத்துக் கூட்டி, கடைசியில் இருந்த என் பெயர்வரை வாசித்தாராம்.

அதன் பிறகு விடிகாலைப் பேருந்தில் வேற்றூர் போய் மீன் எடுத்து, காரைக்கால் தெருக்களில் சுமந்து விற்றார். மூன்று வருடம் கழித்து, எச்சரிக்கை நாளில் எந்தப் படகும் இறங்கக் கூடாது என்று ஊரே சட்டம் போட்டது. ஒலிபெருக்கியில் அவர் பெயர் வரவில்லை. அவர் மீதிருந்த தடையையும் எடுக்கவில்லை. ஓடிப் போய்ச் சொன்னேன்.

“படகெல்லாம் கரையில கெடக்குல்ல? பேர வச்சு என்ன பண்ண” என்றார்.

“என்னைய மன்னிச்சிடுங்கக்கா.”

“பயந்து போட்ட, அது தெரியுது. படிக்காமப் போட்ட பாரு, அதத்தான் பொறுக்க முடியல. எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவ நீ.”

மன்னிக்கவில்லை. போன மாதம் மருத்துவமனையில் பார்த்தபோதும் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. கிளம்பும்போது மட்டும் கையைப் பிடித்தார். “என்னைக்காச்சும் இன்னொருத்தி எந்திரிச்சு வேணாம்னு சொல்லுவா. மொத ஆளா நிக்க ஒனக்குத் தைரியம் வராது தனம். ரெண்டாவதாவாச்சும் நில்லு. ஒருத்தி நின்னா கிறுக்கிம்பாங்க. ரெண்டு பேரு நின்னா யோசிப்பாங்க.”

அவர் எனக்கு விட்டுப் போனது இந்தச் சொல் மட்டும்தான். அன்றைய ஊர்க்கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில்தான் அவர் நின்றிருந்தார். நான் உட்கார்ந்திருந்தேன்.