விளக்கடியில் ஒரு டாலர்

தொண்ணூறுகளில், பல ஞாயிறுகள் அலைந்து, பூனாவின் பழம்பொருள் சந்தையான ஜூனா பஜாரில் ஒரு வெள்ளி டாலர் நாணயம் வாங்கினேன். சீன வியாபாரத்துக்காக அமெரிக்கா நூறு வருஷத்துக்கு முன்னால் அடித்தது. அதில் படிந்த கருமைதான் சேகரிப்பவர்களுக்கு உயிர். தேய்த்தால் மதிப்பு போய்விடும்.

வெள்ளிக்கிழமை கசார்வாடி வீட்டுக்கு வந்தால், அது பூஜை விளக்கடியில் பளபளத்தது. மனைவி குங்குமமும் வைத்திருந்தாள்.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"வெள்ளின்னா விபூதி போட்டுத் தேய்க்கறதுதானே? மகாலட்சுமிய இப்படியா அழுக்கா வச்சிருப்பீங்க?"

நாணயத்தில் கடலோரம் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அமெரிக்கப் பெண்ணைத்தான் சொன்னாள். கோபமாகக் குனிந்தேன். கருமைக்குள் மறைந்திருந்த சிற்றலைகள், சுடர் அசைய அசைய, அந்தப் பெண்ணின் காலடியில் நகர்ந்தன. எங்கோ ஒரு கப்பல் கிளம்புவது போலிருந்தது.

"எடுத்துடவா?" என்றாள்.

"வேணாம். அவ அங்கயே இருக்கட்டும்."